நீக்கப்பட்டவர்கள்

குழுவின் பெயர் ‘டயாலிசிஸ் உதவிக் குழு’. எதற்கான குழு என்பது பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் காலை ஏழு மணிக்கு ஒருவர் முருகன் படம் போடுவார். இன்னொருவர் அதற்கு ஒரு கும்பிடு போடுவார். மூன்றாமவர் வாழைத்தண்டுச் சாறு குடித்தால் சிறுநீரகம் புதிதாகிவிடும் என்று ஒரு வீடியோவை அனுப்புவார். நான் ஒவ்வொன்றாக அழிப்பேன். அட்மின் என்றால் பெருக்குகிறவள் என்று அர்த்தம்.

என் கணவர் மதிவாணனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து நான்கு வருடம் ஆகிறது. வாரம் மூன்று நாள் குத்தாலத்திலிருந்து மாயவரத்துக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் மெஷினோடு படுக்கவைத்து, கூட்டிவருகிறேன். பள்ளிக்கூட அலுவலக வேலையை இதற்காகத்தான் விட்டேன். அங்கே பழகிய கண்டிப்பை மட்டும் விடவில்லை. எந்த மையத்தில் இடம் காலி, எந்த ஊசி எங்கே கிடைக்கும், ஊசி குத்துகிற கை வீங்கினால் என்ன செய்வது என்று கேட்க ஆளில்லாமல் நான் திண்டாடியதால்தான் குழுவையே ஆரம்பித்தேன். இப்போது அறுபத்துச் சொச்சம் பேர் இருக்கிறோம்.

முதல் வருடத்தில் இராஜாங்கம் என்பவர் இறந்தார். குழுவில் நாற்பது மாலைப் படங்கள், குத்துவிளக்குகள், ஆழ்ந்த இரங்கல்கள். யாரோ ஒருவர் ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்த படத்தையும் போட்டுவிட்டார். அதைப் பார்த்த அம்சம் என்ற அம்மாள் அடுத்தது நான்தான் என்று சொல்லி, அன்றைக்கு மெஷினுக்குப் போகவில்லை. நான் நேரில் போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். அன்று ஒரு விதி போட்டேன். மரணச் செய்தி குழுவில் கூடாது. வீட்டார் எனக்கு மட்டும் சொன்னால் போதும், அந்த எண்ணை நான் எடுத்துவிடுவேன்.

அதன்படியே நடந்தது. மூன்று வருடத்தில் பதினொரு எண்களை எடுத்திருக்கிறேன், எல்லாமே இறந்தவர்களுடையவை. ‘மாலதி இன்னாரை நீக்கினார்’ என்று திரையில் சின்னதாக ஒரு வரி வரும். யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து யாராவது இரும்புச்சத்து ஊசியைப் பற்றிக் கேட்பார்கள், பேச்சு தொடரும். அந்த ஒழுங்கைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பக்கிரியால்தான் தலைவலி. கீழ்வேளூர் பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைக்காரர். அப்பா காலத்தில் கூலிக்கு அறுத்த வயலையே இப்போது இவர் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிறார். மெஷின் இல்லாத நாளில் வரப்பில் நின்று படம் எடுத்து அனுப்புவார். நாற்றங்கால் படம், நண்டு வளைப் படம், வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கிற படம். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். அவருக்குத் தோதாகத் திருவிடைமருதூர் பக்கத்திலிருந்து மருதையன். அவருக்கு நிலம் உண்டு, வயலுக்கு நடந்துபோகத் தெம்பு இல்லை. தினமும் காலையில் பக்கிரியிடம் ‘தண்ணி வந்துடுச்சா?’ என்று கேட்பார். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீருக்கு மேல் குடிக்கக்கூடாத இரண்டு பேர், வாய்க்கால் தண்ணீரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது.

மூன்று முறை எச்சரித்தேன். பக்கிரி ஒவ்வொரு முறையும் ‘மன்னிச்சுக்குங்க அட்மின் அம்மா’ என்று போட்டுவிட்டு, மறுநாள் ஒரு கொக்குப் படம் அனுப்புவார்.

அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு மையத்தில் மெஷின்கள் பழுதாகிவிட்டன. வேறொரு இடத்தில் இரண்டு படுக்கை காலி என்று எனக்குத் தகவல் வந்தது. உடனே குழுவில் போட்டேன். அதே நேரம் பக்கிரி வயலில் நடவு. இருபத்து மூன்று படங்கள். அதற்கு மருதையனின் கேள்விகள், மற்றவர்களின் பாராட்டுகள், என்ன ரகம் என்று ஒரு விசாரணை வேறு. என் செய்தி மேலே போய்ப் புதைந்துவிட்டது. அப்பாவுக்காக இடம் தேடிக்கொண்டிருந்த அஃப்ரீன் அதைப் பார்க்கவே இல்லை. பதினோரு மணிக்கு எனக்குப் போன் செய்து, அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று அழுதாள். அதற்குள் இரண்டு படுக்கையும் போய்விட்டன. மறுநாள்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

எனக்கு வந்த கோபத்தில் பக்கிரியின் பெயரைத் தொட்டேன், நீக்கினேன்.

குழு கப்சிப் என்று ஆனது. அன்று முழுக்க ஒரு செய்தியும் இல்லை. மறுநாளும் தேவையான கேள்வி, தேவையான பதில், அவ்வளவுதான். ஒரு முருகன் படம்கூட வரவில்லை. ஒரு தடவை காதைத் திருகியதும் எல்லோருக்கும் புத்தி வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மருதையனின் மனைவி ஞானாம்பாள் போன் செய்தார். வியாழக்கிழமையும் அவர் மெஷினுக்குப் போகவில்லையாம், சனிக்கிழமையும் போகவில்லையாம். முகம் கால் எல்லாம் வீங்கிவிட்டதாம். அண்ணன் தம்பி வந்து கூப்பிட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாராம்.

“நீங்க சொன்னா கேப்பாரும்மா. பக்கிரி போனதுலேர்ந்தே இப்படித்தான் கெடக்குறாரு. நட்ட நாத்து வேருவிட்டு பச்ச புடிக்கிறதக்கூட பாக்காம போயிட்டானே, நான் இருந்து என்ன பண்ணப்போறேங்குறாரு.”

பக்கிரி எங்கே போனார் என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. பக்கிரி சாகவில்லை, நான்தான் கோபத்தில் எடுத்துவிட்டேன், உடனே அவரிடம் சொல்லுங்கள் என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவரை எழுப்புகிற சத்தம் கேட்டது. எழுந்திருக்கவில்லை, மூச்சு இழுக்கிறது, ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன் என்று ஞானாம்பாள் போனை வைத்துவிட்டார்.

பக்கிரிக்குப் போன் செய்தேன். எடுத்ததும் ‘சொல்லுங்கம்மா’ என்றார். குரலில் கோபம் இருந்தது. எதையும் விளக்க நேரமில்லை. மருதையனுக்கு உடனே போன் செய்யுங்கள், உங்கள் குரலை அவர் கேட்கவேண்டும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் என் கணவர் கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கிரி இருக்காரா?” என்றார்.

நான்கு நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. உப்பில்லாத சாப்பாடு சலித்துவிட்டது என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவரிடம் சண்டைக்குப் போனேன்.

“கேக்கக்கூடாதுன்னுதானே மாலதி வச்சிருக்க” என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

மருதையன் கும்பகோணம் போகிற வழியிலேயே இறந்துவிட்டார். பக்கிரி போன் செய்தபோது ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்களாம். ஞானாம்பாள் போனை அவர் காதில் வைத்திருக்கிறார். பக்கிரி, அண்ணே நான் இருக்கேன்ணே, பயிரு பச்ச புடிச்சிருச்சுண்ணே என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அது அவர் காதில் விழுந்ததா என்று ஞானாம்பாளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பக்கிரி துக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில், பஸ் ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் ஏறிய மாதிரி தெரியவில்லை. தன்னைக் குழுவை விட்டு எடுத்ததும், மருதையன் அண்ணனாவது போன் செய்வார் என்று இரண்டு நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தாராம். யாரும் செய்யவில்லை. சரி, எல்லோரும் சேர்ந்துதான் நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வலியப் போய் ஏன் ஒட்டிக்கொள்ளவேண்டும் என்று இருந்துவிட்டாராம்.

“நான் செத்துட்டேன்னு அறுபது பேரு நெனச்சிருக்கீங்க. எங்க வூட்டுக்கு ஒருத்தர்கூடவா ஒரு போன் பண்ணி என்னா ஏதுன்னு கேக்கல? நம்ம ஊருல அப்புடி உண்டாம்மா?”

பஸ் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.

விதிப்படி மருதையனின் எண்ணை நான் சத்தமில்லாமல் எடுக்கவேண்டும். என்னால் முடியவில்லை. பக்கிரியை மறுபடி குழுவில் சேர்த்தேன். அதன் கீழே எழுதினேன்: ‘மருதையன் நேற்று இறந்துவிட்டார். பக்கிரி உயிரோடு இருக்கிறார். பேச்சு திசைமாறியதற்காக நான்தான் கோபத்தில் அவரை நீக்கினேன். தவறு என்னுடையது.’

என்னைத் திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

முதல் செய்தி நுஸைபாவிடமிருந்து வந்தது. நாகூர்க்காரப் பெண். தன் அம்மாவுக்காகக் குழுவில் இருக்கிறாள். ‘அக்கா, அப்படின்னா தமிழரசன் அண்ணனும் இருக்காங்களா? அவங்களையும் கோபத்துலதான் எடுத்தீங்களா?’

நான் அதைப் படித்து முடிப்பதற்குள் அம்சத்திடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். பிரகதாம்பாள் நம்பரைக் கொஞ்சம் கொடு தாயி, அவள் பாட்டுக்கு எங்கேயோ சௌக்கியமாக இருக்கிறாள்போல, நான் என்னென்னவோ நினைத்து அழுதுவிட்டேன் என்று சிரிப்பும் அழுகையுமாக. பிறகு ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். மூன்று வருடமாகக் கேட்காத பெயர்களை எல்லாம் கேட்டார்கள். யாரும் எந்தப் பெயரையும் மறந்திருக்கவில்லை.

ஒவ்வொரு பெயருக்கும் பதில் எழுதினேன். தமிழரசன் இல்லை, போன ஆடியில். பிரகதாம்பாள் இல்லை, பொங்கலுக்கு முந்தின வாரம். எழுத எழுத அடுத்த பெயர் வந்தது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் போனில் அதையே படித்துக்கொண்டிருந்தார். மர்யம் என்ற பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று நான் எழுதியதும், தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

“மர்யமுமா?” என்றார். “அவங்க மகன்கிட்ட மஸ்கட் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.”