முன்னெழுத்து

தம்பி சிவநேசன் எழுதிய முப்பது கொலை நாவல்களுக்கும் ஒற்றுப்பிழை திருத்தியவர் தம்புசாமிதான். ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிவநேசனின் கதைகளில் வரும் குடிகாரப் போலீஸ் சார்ஜனையும், சாக்கடையில் மிதக்கும் பிணங்களையும் முகம் சுளித்தபடியே படிப்பார். ஆனாலும் அட்டையில் 'மு. சிவநேசன்' என்று பார்க்கும்போது நெஞ்சு நிமிரும். மு. என்றால் முத்தையா. ரவாங் ஊர்க் கோயிலுக்கு இருபது வருஷம் தலைவராக இருந்த அப்பா.

முப்பத்தொன்றாவது நாவலின் அச்சுப்படி வந்தபோது முன்னுரையிலேயே அவர் பேனா நின்றுவிட்டது.

'இத்தனை காலம் கோர்ட்டில் உட்கார்ந்து, ஊரான் செய்த கொலைகளைக் கேட்டு எழுதினேன். இது என் அப்பா செய்தது. ரப்பர் தோட்டத்தில் ஓர் ஆளை அடித்தே கொன்றார். பழியை ஏற்று இன்னொருவர் சிறைக்குப் போனார்.'

மறுநாளே கொமியூட்டர் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனார். வழக்கமான ஒட்டுக்கடை மேசையில், தே தாரிக் தேநீர் ஆறி ஏடு படிந்து கிடக்க, தம்பி எழுதிக்கொண்டிருந்தான்.

"கதைன்னு போட்டுட்டுப் போடா. அப்பான்னு எதுக்கு?"

"கதைன்னு முப்பது போட்டாச்சுண்ணே."

"அப்பா செஞ்சாருன்னு நீ கண்டியா?"

"ரத்தச் சட்டையை அம்மா அலசுனப்ப தண்ணி ஊத்துனது நீங்கதானே? என்னைக் கேக்குறீங்க."

தம்புசாமி அச்சுப்படியை மேசையில் வைத்தார். "அப்ப அவர் இனிஷியலை எடு. அவர் பேரைப் போட்டுக்கிட்டே அவரைத் தூக்குல போடாதே."

சிவநேசன் அச்சுப்படியில் இருந்த 'மு.'வை அடித்தான். "சரி லா. எடுத்துடறேன்."

புத்தகம் 'இ. சிவநேசன்' என்று வந்தது. இ. என்றால் இராஜம்மா, அம்மா. அப்பா தப்பித்தார் என்று தம்புசாமிக்கு நிம்மதி. அந்த ஓர் எழுத்து ஊர் வாயில் என்னவாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பிரிக்ஃபீல்ட்ஸ் மண்டபத்தில் வெளியீடு. கேள்வி நேரத்தில் ரவாங்கிலிருந்து வந்த சுகுமாறன் என்பவர் எழுந்தார். அறுபது வயதிருக்கும்.

"ஜெயிலுக்குப் போனது எங்க அப்பாதான். யாருக்காகப் போனேன்னு சாகிற வரைக்கும் சொல்லல. இவ்வளவு நாளா மு. போட்டீங்க, இப்ப இ. போடறீங்க. உங்க அப்பா முத்தையா தலைவர்தானா, வேற ஆளா?"

"ஸ்பேர் அப்பா லா!" என்று பின்வரிசையில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள்.

சிவநேசன் சிரிக்கவில்லை. "இனிஷியலை எடுக்கச் சொன்னது எங்க அண்ணன். முன்னாடிதான் இருக்காரு. அவரையே கேளுங்க."

ஒலிவாங்கி கைமாறித் தம்புசாமியிடம் வந்தது. ஒரே அப்பா என்றால் முத்தையா கொலைகாரர். வேறு என்றால் அம்மா நடத்தை கெட்டவள். தம்பி பொய் சொல்கிறான் என்றால், எதிரே நிற்கும் மனிதர் விடமாட்டார். கோயில் மண்டபத்தில் அப்பா பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அம்மா பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

"எங்க ரெண்டு பேருக்கும் அப்பா வேற வேற," என்றார்.

சுகுமாறன் மெல்ல உட்கார்ந்தார். தன் அப்பா யாருக்காகச் சிறைக்குப் போனார் என்ற பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. சிவநேசன் மேடையை விட்டு இறங்கி அண்ணன் முன்னால் வந்து நின்றான்.

"வர்ற மாசம் அம்மா திதி. நீங்க வர வேணாம். நீங்க அப்பாவுக்கு மட்டும் பிள்ளையா இருங்க."