இரண்டாவது தோட்டா

கரடிக்குக் காயம் பட்டுவிட்டது, ஆனால் சாகவில்லை. கோடியாக் தீவில் இதைவிடக் கெட்ட செய்தி கிடையாது. வேட்டைக்கு வழிகாட்டும் மத்ரோனா நேற்று மாலை அது நடந்ததிலிருந்து கண்ணை மூடவில்லை.

சுட்டவர் வெண்டல், ஒஹாயோவிலிருந்து வந்த பல் டாக்டர். முதல் குண்டு கரடியின் பின்தொடையில் பாய்ந்தது. இரண்டாவதைச் சுட முடியவில்லை. சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு வெளியே விழாமல் ரைபிளுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. அதை அவர் விரலால் நோண்டிக்கொண்டிருக்க, மத்ரோனாவின் குறிக்குக் குறுக்கே அவர் தோள் மறைத்து நிற்க, கரடி ஆல்டர் புதருக்குள் புகுந்துவிட்டது. சொல்லிச் செய்வித்த ரைபிள் அது. கட்டையில் அவர் பெயரின் முதலெழுத்துகளைக்கூடச் செதுக்கியிருந்தார்கள். அழகுக்கு ஒரு குறைச்சலும் இல்லை, பாழாய்ப் போனதற்கு.

அவள் தம்பி தன் துப்பாக்கியோடு விமானத்தில் துணைக்கு வருவதாக இருந்தது. மூடுபனியில் விமானம் எழும்பாது என்று காலையில் ரேடியோ சொல்லிவிட்டது. காத்திருக்கவும் வழியில்லை. புதருக்குக் கீழே ஓடும் ஓடையில்தான் அவள் ஊர்க்காரர்கள் சால்மன் பிடிப்பார்கள். பனியென்றும் பார்க்காமல் பிள்ளைகுட்டிகளோடு வருவார்கள். ஆக, அவள் இன்றே புதருக்குள் போயாக வேண்டும், முதுகுக்குப் பின்னால் இந்த ஒரே ஒரு ரைபிளை நம்பி. அது மறுபடி சிக்கினால் அவள் கதி அவ்வளவுதான்.

“குடுங்க இங்க,” என்று கூடாரத்து வாசலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். “ஊர்ல எத்தனை பேர் பல்லைப் புடுங்கியிருப்பீங்க டாக்டர்? ஒரு வெத்துக் கூட்டை வெளிய இழுக்க வரலையா?”

“என் மேல தப்பே இல்ல. செஞ்சவன் ஏமாத்திட்டான். ஊருக்குப் போனதும் அவன் மேல கேஸ் போடறேனா இல்லையா, பாருங்க!”

கூடு உள்ளிருந்து கிளம்பாமல் இருப்பது ஒரு நோய், கிளம்பிய பிறகு வெளியே விழாமல் இருப்பது வேறு நோய். மத்ரோனா முதல் நோயை முதலில் பார்த்தாள். தோட்டா உட்காரும் அறையில் அழுக்கில்லை, கீறலில்லை. நேற்றைய கூடும் உப்பிப்போகவில்லை. கூட்டின் விளிம்பைக் கவ்வும் கொக்கியில் மருந்தில்லாத ஒரு பயிற்சித் தோட்டாவை மாட்டி உலுக்கினாள். குரங்குக்குட்டிபோல விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் உள்ள கைப்பிடித் தண்டை, வெடுக்கென்று இழுத்தாள். தோட்டா பறந்துபோய்க் கூடாரத் துணியில் மோதி விழுந்தது. பத்து தடவை இழுத்தாள், பத்தும் பறந்தன. கோளாறு தெரிந்தால் சரிசெய்யலாம். கோளாறே இல்லாத துப்பாக்கியை என்ன செய்வது?

“நீங்க இழுங்க. எப்பவும் இழுக்கற மாதிரி.”

வெண்டல் ரைபிளை மடியில் வைத்து, கைக்குழந்தையின் போர்வையை விலக்குவதுபோலப் போல்ட்டைப் பின்னால் நகர்த்தினார். இடது கை தானாக எழுந்து, திறப்பின் அடியில் ஏந்திக்கொண்டது. தோட்டா சோம்பலாகச் சாய்ந்து, உள்ளேயே படுத்துவிட்டது.

“அந்தக் கை எதுக்கு அங்க?”

“கூட்டைப் பிடிக்கத்தான். மண்ணுல விழுந்தா நசுங்கிடும். அதுலயே மறுபடி மருந்து அடைச்சு நானே தோட்டா செய்வேன்ல!”

“அட கடவுளே!” என்றாள் மத்ரோனா. “இதுல கூட்டைத் தள்ளிவிட ஸ்பிரிங் கிடையாது, டாக்டர். உள்ள ஒரு தகடு நிக்குது. நீங்க வேகமா இழுத்தாத்தான் கூடு அதுல அடிபட்டுப் பறக்கும். கடைசி வரைக்கும் இழுங்க. வெடுக்குனு! அதுக்கு ஒண்ணும் வலிக்காது!”

அவர் சிரித்துவிட்டார். மதியம்வரை அவள் அவரை விடவில்லை. இழு, தள்ளு, இழு, தள்ளு. ஒரு தோட்டா பாத்திரத்தில் விழுந்து கணகணத்தது, ஒன்று அவள் காதை உரசிப்போனது. உள்ளங்கை சிவந்த பிறகும் டாக்டர் நிறுத்தவில்லை. நல்ல மாணவர். மத்ரோனாவுக்கு அவர்மேல் முதல்முறையாகப் பிரியம்கூட வந்தது. நெஞ்சுக்குள் இருந்த பயம் மட்டும் ஏனோ போகவில்லை.

புதருக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. இலைகளில் இரத்தம் காய்ந்து கருத்திருந்தது. நாலடிக்கு அப்பால் வெறும் வெள்ளைப் பனி. கரடியின் நாற்றம் வந்தது, எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியவில்லை. “என் வலப்பக்கமே நில்லுங்க,” என்று கிசுகிசுத்தாள்.

கரடி இடப்பக்கத்திலிருந்து வந்தது. அவள் சுட்டாள், பட்டது, அது நிற்கவில்லை. “சுடுங்க!” என்று கத்தினாள். பக்கத்தில் போல்ட்டின் சத்தம் கேட்டது. வெடுக், வெடுக், வெடுக், வெடுக், காலையில் சொல்லிக்கொடுத்த அதே வேகத்தில். வெடிச்சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. அதற்குள் அவள் தரையில் கிடந்தாள். தொடையில் பற்கள் இறங்கிய பிறகுதான் துப்பாக்கிக் குழலை அதன் தாடைக்கடியில் நுழைத்து அவளால் மறுபடி சுட முடிந்தது. கரடி அவள் கால்மேலேயே சாய்ந்தது.

வெண்டலின் முகம் பரவசத்தில் மின்னியது. “பாத்தீங்களா மத்ரோனா? ஒண்ணுகூட மாட்டல! எல்லாத்தையும் சுட்டுட்டேன்!”

அவள் தலையைத் திருப்பினாள். பாசியில் நாலு தோட்டாக்கள் கிடந்தன. நாலிலும் கூட்டின் முனையில் குண்டு அப்படியே இருந்தது. பயத்தில் சுடாமலேயே ஒவ்வொன்றாக வெளியே எறிந்திருக்கிறார். மதியம்வரை இழுக்கச் சொன்னாள், தள்ளச் சொன்னாள். ஒரு தடவையாவது விசையை அழுத்தச் சொன்னாளா?

அவர் இன்னும் சிரித்தபடி, அவள் பாராட்டுக்காகக் காத்திருந்தார். கால்சட்டை முழுக்க இரத்தத்தில் சூடாக நனைந்துகொண்டே போவது அவளுக்குத் தெரிந்தது.

“துப்பாக்கியக் கீழ வைங்க டாக்டர்,” என்றாள். “வந்து, ரெண்டு கையாலயும் இங்க அழுத்துங்க.”