போறணை வாட்டின் கூரை

1

இந்தக் கதையை ஒரு பலகையின் மேல் வைத்து எழுதுகிறேன். சொல்லலங்காரம் இல்லை, உண்மையாகவே ஒரு பலகை. அரைவட்டமாக அறுத்த தேக்கு. ஒரு பக்கம் வெறும் மரம், மறுபக்கம் கன்னங்கரிய தார். தார்ப்பக்கத்துக்குக் கீழே பழைய பத்திரிகையை விரித்து, மரப்பக்கத்தில் தாளை வைத்து, மடியில் இருத்திக்கொள்வேன். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் இளகி, உடுத்திருக்கும் சாரத்தில் ஒட்டும். மனைவி திட்டுவாள்.

பலகை வந்த வழியே கதை வந்த வழியும். 1974. எண்ணெய் விலை ஏறி, அரசாங்கக் கட்டடங்களில் மின்சாரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொன்ன நேரம். கொழும்பிலிருந்த என் பத்திரிகை ஆசிரியர் ஒரு கட்டுரை கேட்டார்: பழைய கட்டடங்களை இடிக்காமல் அவற்றில் மின்சாரத்தைச் சேமிப்பது எப்படி? திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடங்கள் நிறைய உண்டே, சுற்றிப் பார்த்து எழுதும் என்றார். சுற்றினேன். ஒன்றுக்குள் நுழைந்தேன். அங்கே கண்டது கட்டுரைக்குள் அடங்கவில்லை. ஏழு வருடமாக அடங்கவில்லை. அதனால் கதை என்கிறேன். (கதை என்றால் கட்டடத்தின் அடையாளத்தையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றலாம். மாற்றியிருக்கிறேன். தேடிப் போகாதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘உள்துறைமுகத்தை நோக்கிக் கம்பீரமாக நிமிர்ந்து நிற்கும் அந்தப் புராதனக் கட்டடத்தின் நெற்றியில், அழகிய அரைவட்ட அலங்காரங்கள்—’

வேண்டாம். ‘கம்பீரமாக’ என்ற சொல்லைக் கோட்டைக்கும் தேருக்கும், ஒருமுறை ஒரு பட்டினசபைத் தலைவரின் மீசைக்கும் செலவழித்துவிட்டேன். ‘அலங்காரங்கள்’ என்ற சொல்லை மட்டும் மறக்காதீர்கள். அதற்காகப் பிறகு வெட்கப்படப் போகிறேன்.

இரண்டாவது: ‘முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்த சுவர் வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். ஆகவே—’

‘ஆகவே’யில் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

மூன்றாவது: ‘தாதி குணேஸ்வரி ஒரு படுக்கைவிரிப்பை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து யன்னலில் தொங்கவிட்டார்.’

இது நிற்கட்டும். நான் உள்ளே நுழைந்ததும் கண்ட முதற் காட்சி இதுதான்.

3

வெள்ளைக்காரன் கப்பல் சாமான் வைக்கக் கட்டிய இடம் அது. உலக யுத்த காலத்தில் படைக்காரர் எடுத்துக் காயப்பட்டவர்களைக் கிடத்தினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பிரசவ வாட்டு. சுவர் ஒரு முழத்துக்குமேல் தடிப்பு. அப்படிப்பட்ட சுவருக்குள் குளிர்ச்சி இருக்கவேண்டும். ஆனால் காலை பத்து மணிக்குப் பிறகு உள்ளே நிற்க முடியாது. மேலே வெள்ளையடித்த பலகை உட்கூரை. அதில் தொங்கிய மின்விசிறிகள் சூட்டைக் கிளறித் திரும்பக் கட்டில்களுக்கே அனுப்பின. அவற்றிலும் பாதியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்திருந்தது.

ஊரில் அதற்குப் ‘போறணை வாட்டு’ என்று பெயர்.*

(* போறணை: பாண், அதாவது ரொட்டி, சுடும் பெரிய அடுப்பு. இந்தக் குறிப்பு கடல் கடந்த வாசகருக்கு. எங்களூராருக்கு விளக்கம் தேவைப்பட்டதில்லை.)

நிறுத்தப்பட்ட ஒரு விசிறிக்குக் கீழே, மூதூரிலிருந்து வந்த றஹ்மா முந்தினநாள் பிறந்த தன் மகளோடு படுத்திருந்தாள். குழந்தைக்கு உடம்பு கொதித்தது. அவள் கணவன் ஜமால்தீன் கட்டிலோரம் நின்றான்.

“மிசி, போறணைக்குள்ள பாண் போட்டாலும் வெந்த உடன வெளிய எடுப்பானுகள். எங்கட புள்ளய எப்ப எடுக்கப் போறீங்க?”

“காய்ச்சல் இறங்கட்டும் தம்பி. சீலையை நனைச்சு மாத்திறன், பொறுங்கோ,” என்றார் குணேஸ்வரி.

“சீலை காயுறதுக்குள்ள நான் காஞ்சிருவன்.”

“அவவோட என்னத்துக்கு மல்லுக்கு நிக்கிறீங்க?” என்று கட்டிலிலிருந்து றஹ்மா அதட்டினாள். “விசிறுங்க. கை இரிக்கிதானே.”

ஜமால்தீன் ஒரு பத்திரிகையை மடித்து விசிறினான். எங்கள் பத்திரிகை. அது ஒருவருக்குப் பயன்பட்டதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

4

இங்கே ஞானசேகரம் வரவேண்டும். கட்டட வேலைப் பகுதியின் இஞ்சினியர். இடிக்க வந்தவர்.

இரண்டு வரைவுகளில் அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி கொடுத்தேன். சிகரெட் கொடுத்தேன். ஒட்டவில்லை. உண்மையான ஞானசேகரம் வெற்றிலை போடுகிறவர், வியர்வை வழிய வழிய ஒவ்வொரு கட்டிலின் பக்கத்திலும் நின்று வெப்பமானி பிடித்தவர்.

“மிசி, பழசெண்டு வைச்சுக் கும்பிட ஏலாது. உள்ள பிள்ளையள் வேகுதுகள். கண்டி றோட்டுப் பக்கம் நல்ல காணி கிடக்குது. புதுசாக் கட்டுவம்.”

“மூதூரில இருந்து லோஞ்சால கடல் கடந்து வந்து இறங்கிற பிள்ளை, வலியோட நடந்து வரக்கூடிய தூரத்தில இது இருக்குது சேர். நீங்கள் சொல்லுற இடத்துக்கு பஸ் எடுக்கவேணும். வயித்தில கிடக்கிறது பஸ்ஸுக்குப் பாத்துக்கொண்டு இருக்குமோ?”

“அப்ப வேகட்டும் எண்டுறீங்களோ?”

“நான் அப்பிடிச் சொன்னனானோ? இஞ்ச வைச்சுக் காப்பாத்த வழி சொல்லுங்கோ எண்டுதான் கேக்கிறன்.”

இருவரும் சரியாகவே பேசினார்கள். துறைமுகத்தடியில் வாட்டு இருந்தால் தாய் உயிரோடு வந்து சேருவாள். வந்து சேர்ந்தபின் பிள்ளை சூட்டில் காயும். குணேஸ்வரிக்கு இரண்டு உயிரும் வேண்டும். பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் ஒரு குழு வேறு, கூரையில் கைவைக்கக் கூடாது என்று எழுதியிருந்தது. கூரையில் கைவைக்காமல் சூட்டை எப்படி இறக்குவது என்று அது எழுதவில்லை.

(மூன்றாம் வரைவில் குழந்தை இறந்துவிட்டது. கதைக்கு அது வசதியாக இருந்தது. இரண்டு வரியில் முடிந்தது. மறுநாள் படித்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்தேன். குழந்தை இறக்கவில்லை. அதன் பெயர் அசனா. இப்போது இரண்டாம் வகுப்பு. அன்று மாலைக்குள் காய்ச்சல் இறங்கியது. ஏன் இறங்கியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.)

5

கூரை மரங்கள் உக்கிவிட்டன என்று அறிக்கையில் எழுதவேண்டுமானால் ஒருமுறையாவது கண்ணால் பார்க்கவேண்டும். ஞானசேகரம் நேர்மையான மனிதர். விறாந்தைப் பக்கம் ஏணி வைத்து, உட்கூரைக்கும் ஓட்டுக்கும் இடையிலான இருட்டுக்குள் நுழைந்தார். தலைக்குமேல் அவர் ஊரும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு முறிவு. வாட்டின் நடுவே, வெள்ளைப் பலகையைப் பிளந்துகொண்டு, சப்பாத்து மாட்டிய ஒரு கால் தொங்கியது.

“அல்லாஹ்! ஆம்பிளைக் கால்!”

பெண்கள் முக்காட்டை இழுத்தார்கள். ஒருத்தி தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

“சேர், மத்தக் காலையும் விட்டிராதீங்க,” என்று ஜமால்தீன் அண்ணாந்து கத்தினான். “கீழ புள்ள கிடக்கு!”

எல்லாரும் சிரித்தார்கள். குணேஸ்வரியும். கால் மெதுவாக மேலே போயிற்று. அந்த ஓட்டையால் ஒரு சூடு இறங்கியது, அடுப்பின் வாயைத் திறந்ததுபோல. சிரிப்பு நின்றது. மேலே சத்தமே இல்லை.

“மிசி,” என்றது கடைசியில் ஒரு குரல். அது ஞானசேகரத்தின் குரல்போலவே இல்லை. “டோர்ச் ஒண்டு தாங்கோ.”

“என்ன சேர், பாம்போ?”

“இல்லை. இஞ்ச யன்னல் இருக்குது.”

“எங்க?”

“சுவர் நெடுக. ரெண்டு பக்கமும். எல்லாத்துக்கும் பலகை அடிச்சு, தார் பூசி—”

(அவர் முடிக்காத வசனம். நானும் முடிக்கவில்லை.)

பலகையை நெம்ப ஒரு அலவாங்கு மேலே போனது. ஆணி பிடுங்கும் ஓசை. கால் போட்ட ஓட்டையால் ஒரு வெளிச்சக் கீற்று இறங்கி, குணேஸ்வரியின் சப்பாத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. அதைச் சுற்றி எல்லாரும் நின்றோம். இன்னொரு பலகை கழன்றது. வெளிச்சம் அகன்றது. அப்போதுதான் கவனித்தேன்: அந்த வெளிச்சத்துக்குள் தூசி கீழே விழவில்லை. மேலே போய்க்கொண்டிருந்தது. வாட்டின் சூடு தன் வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

றஹ்மாவின் முக்காட்டு ஓரம் அசைந்தது. ஜமால்தீன் விசிறுவதை நிறுத்தியிருந்தான்.

6

ஞானசேகரம் ஒரு பலகையோடு இறங்கி வந்தார். கரிய பக்கம் மேலே தெரிந்தது. குணேஸ்வரி அதைத் தொட்டார். விரலை முகர்ந்தார். முகம் வெளுத்தது.

“இது எங்கட வீட்டுக் கண்ணாடியிலயும் பூசினது,” என்றார். “ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்.”

“எங்கட வீட்டிலயும்தான்,” என்றார் ஞானசேகரம்.

1942. விமானத்துக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று ஊர் முழுவதும் இருட்டடிப்பு. வீடுகளில் யுத்தம் முடிந்ததும் அவரவர் தாரைச் சுரண்டினார்கள். இந்தக் கட்டடத்தில் சுரண்டுவது யாருடைய வேலையும் அல்ல. படைக்காரர் மேலே பலகை அடித்து, கீழே உட்கூரை போட்டுக் காயக்காரரைக் கிடத்திவிட்டு, ஒருநாள் போனார்கள். வந்தவர்கள் இருந்தபடியே பொறுப்பெடுத்தார்கள். யுத்தம் முடிந்தது, கொடி மாறியது, நாட்டின் பெயரே மாறியது. அந்தக் கூரைக்குள் மட்டும் இருட்டடிப்பை நீக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

நான் வெளியே போய் றோட்டில் நின்று பார்த்தேன். நெற்றியில் வரிசையாக அரைவட்டங்கள், முன்னால் மரச்சட்டம். பிறந்ததிலிருந்து பார்த்தவை. நாட்காட்டிப் படத்தில்கூட வந்தவை. அவற்றைத்தான் அலங்காரங்கள் என்று எழுதினேன். அவை காற்று வெளியேறும் வாசல்கள் என்று எனக்கோ, குழுவுக்கோ, இடிக்க வந்தவருக்கோ தோன்றவில்லை. முப்பது வருடத்துக்கு மேலாக ஒரு இருட்டடிப்பைப் பத்திரமாகப் பாதுகாத்திருக்கிறோம். சூட்டுக்கு மட்டும் கட்டடத்தைப் பழி சொன்னோம்.

திரும்பி வந்தபோது குணேஸ்வரி றஹ்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாதிமார் நோயாளியின் கட்டிலில் உட்காருவதில்லை. அது அவர்களின் சட்டம்.

“எத்தினை பிள்ளையள் சேர்?” என்று கேட்டார். “வந்த நாள் துடங்கிச் சீலை நனைச்சனான். ஒருக்காலும் மேல பாக்கேல்லை.”

“நானும் இடிக்கத்தான் ஏறினனான்,” என்றார் ஞானசேகரம்.

அது பதிலாகாது என்று அவருக்கும் தெரிந்தது. குணேஸ்வரி எழ முயன்றார். றஹ்மா காலை ஒதுக்கி இடம் விட்டாள்.

“இரிங்க மிசி. ஒருக்கா எண்டாலும் இரிங்க.”

7

முடிவு (அ): உட்கூரை கழற்றப்பட்டது. காற்றுவாசல்களுக்குக் கம்பிவலை போட்டார்கள். சுவரில் ஒரு கல்லையும் அசைக்கவில்லை. விசிறிகள் பெரும்பாலும் சும்மா தொங்கின. ஞானசேகரம் வேறு அறிக்கை எழுதினார். வாட்டு துறைமுகத்தடியிலேயே நின்றது. போகும்போது அவர், “எழுதுறவருக்கு ஒரு பலகை,” என்று எனக்கொன்றைத் தந்தார்.

கட்டுரைக்கு இது போதும். இதோடு நிறுத்தியிருந்தால் ஆசிரியரும் மகிழ்ந்திருப்பார்.

முடிவு (ஆ): இது 1981. ஊர் நிம்மதியாக இல்லை. கடைகள் திடீரென்று பூட்டுகின்றன. யார் எறிவது என்று தெரியாமல் கல் வருகிறது. கேட்டால் ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காட்டுகிறது. போன கிழமை வாட்டுக்குப் போனேன். வாசலில் கால் வைத்ததும் பழைய சூடு முகத்தில் அறைந்தது. விசிறிகள் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. அண்ணாந்து பார்த்தேன். றோட்டுப் பக்கத்துக் காற்றுவாசல்கள் அடைபட்டிருந்தன. அதே அரைவட்டப் பலகைகள். அதே தார். ஆணிகள்தான் புதியவை.

விரலால் மேலே காட்டினேன்.

“ஒரு கல்லு வலையைப் பிச்சுக்கொண்டு உள்ள விழுந்தது,” என்றார் குணேஸ்வரி. ஓய்வு பெற இன்னும் சில மாதம் இருந்தது அவருக்கு. “ரெண்டு கட்டிலுக்கு நடுவில. ஒரு சாண் தள்ளியிருந்தால்...”

“பலகையளை நீங்கள் அப்பவே எரிக்கேல்லையோ?”

“எரிக்கத்தான் வெளிய போட்டனான். பிறகு அள்ளிக்கொண்டு வந்து வைச்சனான்.”

“ஏன் மிசி?”

“ஏனெண்டு தெரியேல்லை. தேவைப்படாது எண்டு நினைக்க ஏலேல்லை.”

அந்த வரிசையில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. அதற்கு நேர் கீழே, மூன்றாவது பிள்ளைக்காக வந்த றஹ்மா படுத்திருந்தாள். என்னை அடையாளம் கண்டு சிரித்தாள்.

“ஒரு பலகை குறையுது,” என்றார் குணேஸ்வரி. “அது உங்களிட்ட இருக்குது.”

“வேற அறுக்கலாமே?”

“தச்சன் வரமாட்டன் எண்டுறான். பலகைக்கடை பூட்டு. அது அதுக்கெண்டே அளவா அறுத்தது. கொண்டு வாங்கோ.”

“கொண்டு வராதீங்க,” என்றாள் றஹ்மா. “இந்தப் பக்கத்தில காத்து வாறது இந்த ஒரு கட்டிலுக்குத்தான்.”

“கல்லும் அதாலதான் பிள்ளை வந்தது. உன்னை வேற கட்டிலுக்குப் போகச் சொன்னன், கேட்டியோ?”

“நான் போனா வேற ஒருத்தி வந்து கிடப்பா. இதுக்குத்தானே எல்லாரும் சண்டை பிடிக்கிறாளுகள்.” வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். “மிசி, அசனா வெந்தது எனக்கு மறக்கல்ல.”

“எனக்கு மறந்ததோ?” என்றார் குணேஸ்வரி.

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

8

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், பலகையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். குணேஸ்வரி ஏணியில் ஏறி ஆணி அறைகிறார். கடைசிக் கீற்று தரையிலிருந்து மறைகிறது. றஹ்மாவின் பிள்ளை பிறக்கிறது. ‘தொட்டுப் பார்த்த குணேஸ்வரியின் கை சுட்டது, அவர் வாளியை எடுத்துக்கொண்டு—’

மற்றதில், கொடுக்கவில்லை. கட்டிலுக்குக் காற்று வருகிறது. பிள்ளை குளிர்ச்சியாகத் தூங்குகிறது. றோட்டில் யாரோ ஓடும் சத்தம். ‘வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்த கல்—’

இரண்டு வசனங்களையும் முடிக்க என்னால் ஏலாது. ஞானசேகரத்தைக் கேட்கலாமென்றால் அவர் மாற்றலாகித் தெற்கே போய்விட்டார். மேலும் இது இஞ்சினியரைக் கேட்கிற கேள்வியும் அல்ல.

றஹ்மாவுக்கு நாள் கிட்டிவிட்டது. நீங்கள் வாட்டுக்குள் வந்து நின்றுவிட்டீர்கள். சூட்டையும் பார்த்தீர்கள், ஏணி எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். பலகை இப்போது என் மடியில், இந்தத் தாளுக்குக் கீழே இருக்கிறது. நான் எழுதிக்கொண்டிருக்கும் வரைக்கும் அது இங்கேதான் இருக்கும். தாளில் இடமோ தீர்ந்துவிட்டது.

தாளை எடுக்கட்டுமா?