இரண்டாம் பக்கத்துக் கட்டம்

கணினித் திரையில் இரண்டாம் பக்கத்தின் மூலையில் அந்தக் கட்டம் காலியாகக் கிடக்கிறது, உள்ளங்கை அளவுதான், மேலே ‘நம் ஊருக்கு வந்தவர்கள்’ என்ற தலைப்பு, கீழே வெறும் வெள்ளை, அதில் ஒரு சின்னக் கோடு மினுக்கி மினுக்கி நின்று எழுது எழுது என்கிறது, மணிமொழிக்குக் கை வரவில்லை, ஒரு பெயர், ஒரு எடை, ஒரு தேதி, இதை எழுத ஒரு மத்தியானமாடி உனக்கு என்று தன்னையே வைதுகொள்கிறாள், வெளியே அயோவாவின் சோளம் காய்ந்து சலசலக்கிறது, இல்லை, அது பக்கத்து அறையில் தாள் புரளும் சத்தம், வில்லட்ஸ்பர்க் என்கிற இந்தச் சின்ன அமெரிக்க ஊருக்கு வாரம் ஒரு பத்திரிகை, எட்டே பக்கம், இரண்டாம் பக்கத்தில் பிறந்தவர்கள், எட்டாம் பக்கத்தில் இறந்தவர்கள், நடுவே மற்ற எல்லாரும்.

இந்தக் கட்டம்தான் அவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது, ஒன்பது வருடம் இருக்கும், யாழினி என்று ஆசை ஆசையாய் மகளுக்கு வைத்த பெயரை யாசினி என்று அச்சடித்துவிட்டார்கள், பச்சை உடம்புக்காரி பனியில் நடந்து வந்து மேசையில் பத்திரிகையைப் போடுகிறாள், ஏங்க, என் பிள்ளை பேரைக் கொலை பண்ணிட்டீங்களே, ஆசிரியர் லொரெய்ன் அப்போதே எழுபதைத் தாண்டியவள், கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறாள், என் கண்ணு போயிடுச்சு பொண்ணே, உன் கண்ணு நல்லாருக்கு, நீயே வந்து பிழை பாரேன், அன்றிலிருந்து மணிமொழி மோலி ஆனாள், ழகரம் அவர்கள் வாயில் நுழையுமா என்ன, பிழை பார்க்க வந்தவள், பிழை பார்க்க வந்தவளேதான் இந்த வருடம் அந்தத் தேதிப் பிழையைச் செய்தாள்.

மார்ச் மாதம், கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது, அப்பாவின் முதல் வருடத் திதிக்கு ஊருக்குப் போக வேண்டும், யாழினிக்கு விசா விண்ணப்பம் நிரப்புகிறாள், பிறந்த தேதி, போகும் தேதி, திரும்பும் தேதி, எல்லாம் நம்மூர் முறைப்படி நாள் முதலில், மாதம் அப்புறம், அந்தக் கையோடு அலுவலகம் வந்தால் மேசையில் ஆஸ்பத்திரிக் கடிதம், பிரசவப் பகுதியை மூடுவது பற்றி ஊராரின் கருத்தைக் கேட்கும் கூட்டம், 4/5, மாலை ஆறு மணி, லொரெய்னின் கட்டளை ஒன்று உண்டு, மாதத்தை எண்ணில் விடக்கூடாது, எழுத்தில் எழுத வேண்டும், எழுதினாள், மே நான்கு. இங்கே மாதம் முதலில், நாள் அப்புறம், பன்னிரண்டு வருடமாகத் தெரிந்ததுதான், தெரிந்து என்ன புண்ணியம், ஏப்ரல் ஐந்து மே நான்காகிப் போனது, பிழை பார்க்க வேண்டிய கண் அதன்மேல் இரண்டு முறை ஓடியது, நிற்கவே இல்லை, பாழாய்ப்போன கண்.

ஏப்ரல் ஆறாம் தேதி ஆஸ்பத்திரியிலிருந்து நாலு வரி வருகிறது, நாற்பது நாற்காலி போட்டிருந்தோம், ஒருவரும் வரவில்லை, எதிர்ப்பு இல்லாததால் மூடுவதென ஒருமனதாக முடிவு, என்னது, கூட்டம் மே மாசம்தானே என்று பழைய இதழைப் புரட்டினாள், அந்தக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், நிர்வாகக் குழுத் தலைவர் நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார், சரியான தேதியை எங்க வாசல்ல ஒட்டியிருந்தோம், சட்டத்துக்கு அது போதும், மனசைப் போட்டு உழப்பிக்காத மோலி, எப்படியும் மூடியிருப்போம், வீட்டில் புருஷன் கதிரேசனும் அதையே சொன்னான், விடு மணி, வேணும்னேவா பண்ணுன, எப்படியும் மூடியிருப்பார்களா, பள்ளிப் பேருந்தை நிறுத்தப் பார்த்தபோது நூற்றிருபது பேர் திரண்டு வந்து திருப்பிவிட்ட ஊராயிற்றே இது, அந்த நாற்பது நாற்காலியும் நிறைந்திருந்தால், யாரிடம் போய்க் கேட்பாள், யாருக்குத் தெரியும், திட்டினாலாவது தேவலை, ஒருவரும் திட்டவில்லை, அடுத்த வீட்டுக் கெல்சி நாலு மாத வயிற்றோடு உருளைக்கிழங்கும் சீஸும் வேகவைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அழாதீங்க, நாப்பத்தேழு மைல்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, அது என்ன பெரிய தூரமா.

யாழினி பிறந்தபோதும் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றித்தான் இருந்தது, வீட்டிலிருந்து எட்டு நிமிடத்தில் ஆஸ்பத்திரி, அந்தத் தடித்த நர்ஸ் ஒரு விரலால் கொடியை எடுத்துவிட்டு, பார், உன் பொண்ணு நகை போட்டுக்கிட்டு வந்திருக்கா என்றாள், அம்மா போனில், கொடி சுத்தியா, ஐயோ மாமனுக்கு ஆகாதே என்று பதறினாள், எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு இப்போதும் கேட்கிறது, கெல்சியின் பிள்ளைக்கும் அதே கொடிதான், அதே மாதிரி ஒரு சுற்றுதான், நாற்பத்தேழு மைல் போகிற வழியில் கெல்சியின் கார் ரயில்வே கேட்டில் நிற்கிறது, குறுக்கே சோளம் ஏற்றிய கூட்ஸ் வண்டி, முன்னும் போகவில்லை பின்னும் போகவில்லை, நூற்றுப்பத்துப் பெட்டி, பின்சீட்டில் கெல்சி, அவள் புருஷன் கையில் பிள்ளை, அவன் டிராக்டர் ஓட்டுகிறவன், கொடியை எப்படி எடுப்பது என்று அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், மணிமொழி அங்கே இல்லை, ஆனாலும் கண்ணை மூடினால் அங்கேதான் நிற்கிறாள், ஒரு விரல், ஒரே ஒரு விரல் என்று கத்துகிறாள், கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேட்கவில்லை.

எந்தப் பக்கம் போடுற மோலி, எட்டுதானே, லொரெய்ன் மெல்லக் கேட்கிறாள், மணிமொழி தலையை ஆட்டுகிறாள், இல்லை, காலையில் கெல்சி வந்திருந்தாள், பால் கட்டிய மார்பைக் கையால் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், ரெண்டாம் பக்கத்துலயே போடுங்க, என் பொண்ணு பதினொரு நிமிஷம் உயிரோட இருந்தா, வந்தாதானே, நம்ம ஊருக்கு வந்தாதானே, நீங்களே உங்க கையால எழுதுங்க, நீங்கன்னா பேரைத் தப்பா போட மாட்டீங்க. அதைக் கேட்டுக்கொண்டு உயிரோடு நின்றாளே, அதற்கே அவளுக்குத் தன்மேல் கோபம். கோடு மினுக்குகிறது, கை வருகிறது, ஐவி ரோஸ், ஆறு பவுண்டு ஒன்பது அவுன்ஸ், பிறந்த இடம் ரயில்வே கேட், ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் பார்க்கிறாள், தேதிக்குக் கெல்சி கொடுத்த சீட்டை மறுபடி பார்க்கிறாள், மூன்றாம் முறை பார்க்கிறாள், செப்டம்பர் ஒன்பது என்று எழுத்திலேயே எழுதுகிறாள், கட்டம் நிறைந்துவிட்டது, சீட்டில் இருப்பது 9/9, நாள் முதலில் என்றாலும் மாதம் முதலில் என்றாலும் ஒன்றுதான், இந்தத் தேதியை அவளால்கூடத் தப்பாக எழுத முடியாது.