பித்தளைக் கீல் போட்ட பெட்டி

பழைய சாமான் கடைக்காரருக்குப் பித்தளை என்றே பெயர் நிலைத்துவிட்டது. கைக்கு வந்த மரச்சாமான் எதுவானாலும் அதில் இரண்டு பித்தளைக் கீலாவது திருகாமல் விற்க அவருக்கு மனம் வராது. பளபளத்தால்தான் ஜனங்கள் பழசு என்று நம்புவார்கள் என்பது அவர் கட்சி.

சாய்வான மூடியும், சுவரில் மாட்ட முதுகில் ஓட்டையும் கொண்ட அந்தச் சின்ன மரப்பெட்டியை டாக்டரம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எதுக்கு வச்சிருந்த பெட்டி?"

"காதல் கடுதாசி போட்டு வைக்கிறதுங்க. கீலைப் பாருங்க, நூறு வருஷப் பித்தளை."

"போன மாசம் ஒரு ஸ்டூலைக் காட்டி, ராஜா உட்கார்ந்ததுன்னீங்க." பெட்டியைக் கீழே வைத்தார். "எங்க மாமனார் வீட்டைக் காலி பண்ணப்போறேன். மூணு மாடி, அத்தனையும் பழைய சாமான். நாளைக்கு வர்றேன். இது என்ன பெட்டின்னு நம்புற மாதிரி சொன்னா, விக்கிற வேலை உங்களுக்கு. கதை விட்டீங்கன்னா எதிர்க் கடைக்கு."

எதிர்க் கடை மச்சானுடையது.

டாக்டரம்மா போனதும் பித்தளை பெட்டிக்குள் எதையெதையோ வைத்துப் பார்த்தார். கத்தி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. ஷூ பிரஷ் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் அதைச் சுவரில் மாட்டி அழகு பார்ப்பவன் யார்? மழைக்கு ஜன்னல் சாத்த வந்த மனைவி அருகில் நின்றாள்.

"என்னங்க, பெட்டி வேர்க்குது."

"உங்க அண்ணன் கடைக்கு வியாபாரம் போகப்போகுதேன்னு அழுவுது."

"போன வாரம் மாட்டின கீல், அதுக்குள்ள பச்சை பூத்திருக்கு." அடிப்பலகையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். "உப்பு. அதான் மழை ஈரத்தை இழுக்குது. அடுப்புப் பக்கம் மாட்டி வச்சிருப்பாங்க. முன்னாடி என்ன கீல் இருந்துச்சு?"

"தோல் வார். அசிங்கமா இருந்துச்சு, குப்பையில போட்டுட்டேன்."

"உலோகத்தை உப்பு தின்னுடும்னுதான் தோல் வச்சிருக்காங்க. ஒரு ஆணி கூட இல்ல பாருங்க, எல்லாம் மர முளை."

மறுநாள் டாக்டரம்மா வந்ததும், மனைவி பக்கத்தில் நிற்க, பித்தளை தொண்டையைச் செருமினார். "உப்புப் பெட்டிங்க."

"அப்போ நூறு வருஷமா இந்தப் பித்தளையை மட்டும் உப்பு விட்டு வச்சுதாக்கும்?"

எதிர்க் கடை வாசலில் மச்சான் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார். பித்தளை அந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"நான் மாட்டினதுங்க. ஒன்பது நாளாச்சு. பழைய தோல் வாரைத் தூக்கி எறிஞ்சதும் நான்தான். உப்புன்னு கண்டுபிடிச்சது இவ."

டாக்டரம்மா தானும் பலகையைத் தொட்டு நாக்கில் வைத்தார்; முகம் சுளித்து, பிறகு சிரித்தார். கைப்பையிலிருந்து மூன்று மாடி வீட்டின் சாவி வெளியே வந்தது. பித்தளை கையை நீட்டினார். சாவி அவரைத் தாண்டி மனைவியிடம் போனது.

"நீங்க வந்து பட்டியல் போடுங்கம்மா. சுமக்க ஆள் வேணும்னா இவரைக் கூட்டிட்டு வாங்க."