றெபேக்காவுக்கு ஒரு பொருத்தம்

புலம்பெயர் தமிழர் வாழும் வெக்ஸ்போர்ட்டில் தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் அந்த ஞாயிறு எழுபத்திரண்டு பேர் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கொடுத்தார்கள். பஸ்ரியன் வாசலில் நின்று ஒவ்வொருவரின் கையையும் பிடித்தான். "எனக்கு நாப்பத்தஞ்சு வயசு, எடுக்கமாட்டினமாம் அண்ணை" என்று திரும்பிப் போனவர்கள் அதைவிட அதிகம்.

அவன் மகள் றெபேக்காவுக்குப் பத்தொன்பது வயது. இரத்தப் புற்றுநோய். தாய் மரிசெல்லின் எலும்பு மச்சைக் குருத்தணுக்கள் பாதிதான் பொருந்தின. அவற்றை ஏற்றிப் பார்த்தும் உடம்பு ஏற்கவில்லை. இனி முழுதாகப் பொருந்தும் ஒருவர் வேண்டும்.

ஆறு கிழமை கழித்து டொக்டர் இருவரையும் இருத்திச் சொன்னார். எழுபத்திரண்டில் ஒன்றும் இல்லை. உலகக் கொடையாளர் பட்டியலிலும் இல்லை.

"தகப்பன் மன்னார்த் தமிழர். தாய் பிலிப்பினோ. இப்படிக் கலந்த வம்சத்துக்குப் பொருத்தம் கிடைப்பது கடினம். அதிலும் தீவுக்குத் தீவு வம்சம் வேறு. உங்கள் சொந்தங்கள் எந்த இடம்?" என்று மரிசெல்லிடம் கேட்டார்.

"மணிலா" என்றாள் மரிசெல். பிறகு கைப்பையின் வாரை முறுக்கியபடி, "என் அம்மா அயிட்டா" என்றாள்.

இருபத்திரண்டு வருட மணவாழ்வில் பஸ்ரியன் கேட்டிராத சொல் அது. கார் நிறுத்துமிடத்தில்தான் விளக்கம் வந்தது. பிலிப்பைன்ஸின் சம்பாலெஸ் மலைக்காட்டில் மிகப் பழைய காலத்திலிருந்தே வாழும் சனம். அவர்கள் பேசும் மொழி சமவெளிக்காரரின் மொழிக்கு உறவு. உருவம் மட்டும் வேறு. குட்டையான உடம்பு, கருந்தோல், நெருங்கிச் சுருண்ட தலைமுடி. மரிசெல் தகப்பனைக் கொண்டு வெளிறிப் பிறந்தவள். பதினான்கு வயதில் மணிலாப் பள்ளிக்கூடத்தில், தாய் செத்துவிட்டாள் என்று சொல்லத் தொடங்கினாள். தாய் உண்மையில் இறந்தபோது போகவும் இல்லை.

"நானே கறுவல். என்னட்டயும் ஏன் மறைச்சனீ?"

"உங்கட அம்மா என்ர நிறத்தைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டவ. பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

பஸ்ரியன் அவள் பக்கத்துக் கார்க்கதவைத் திறந்துவிட்டான்.

ஒன்றுவிட்ட உறவில் பொருத்தம் கிடைப்பது அரிது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் மரிசெல் தேடினாள். கிடைத்தவள் லூர்தெஸ், தாயின் தங்கை மகள். இத்தனை வருடம் தொடர்பில்லாமல் இருந்ததைப் பற்றித் தொலைபேசியில் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. பதினொரு பேரைச் சேர்த்துக்கொண்டு, மலையிலிருந்து ஒரு பகல் நடந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அங்கே வரிசையாக நின்று எடுத்த படத்தை அனுப்பினாள்.

றெபேக்கா அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "அப்பா, லுக். இவ என்னை மாதிரியே இருக்கிறா. ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல?"

மரிசெல் எழுந்து குளியலறைக்குப் போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

பதினொருவரில் ஒருவரும் பொருந்தவில்லை.

ஆவணியில், இனிப் பயனில்லை என்று டொக்டர் மருந்தை நிறுத்தினார். றெபேக்காவின் கட்டிலை வரவேற்பறை ஜன்னலோரம் போட்டார்கள். பெரும்பாலும் தூங்கினாள், விழித்தால் வலித்தது.

ஒரு காலை லூர்தெஸ் கூப்பிட்டாள். மருந்தை நிறுத்தியதை அவளுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த மரிசெல் தொலைபேசியைக் காதிலிருந்து இறக்கினாள்.

"என்னவாம்?" என்றான் பஸ்ரியன்.

"மேல் ஊரில இன்னும் ஒன்பது பேர் இருக்கினமாம். கூட்டிக்கொண்டு வரட்டோ எண்டு கேக்கிறா."

அவன் தொலைபேசியை வாங்கினான். அந்தப் பெண்ணின் மொழி அவனுக்குத் தெரியாது. "தாங்க்யூ" என்றான். மறுமுனையில் அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவன் திரும்பவும் "தாங்க்யூ" என்றான்.