நீலம் தங்காத தண்ணீர்

கறுப்புத் தண்ணீர் விரல் இடுக்குகளில் வழிந்து சிங்க்கில் இறங்குகிறது, எத்தனை முறை அலசினாலும் இந்தக் கரி இன்னும் கொஞ்சம் கறுப்பை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறது, கூடத்தில் சக்கர நாற்காலியில் இருந்து இவர் ஆ, ஆ என்று கத்துகிறார், இருங்க, புதுக் கரிதான் அலசறேன், அதுக்குள்ள என்ன அவசரம் என்று நானும் கத்துகிறேன், நான்கு மாதமாக எங்களுக்குள் பேச்சு என்றால் இதுதான், பக்கவாதம் வந்து வலக்கையையும் வலக்காலையும் பேச்சையும் ஒரே காலையில் வாரிக்கொண்டு போவதற்கு முன்னால் இவர் வாயை மூடவைப்பதே எனக்குப் பெரும்பாடாக இருந்தது, பஸ் டிப்போவில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்த மனுஷர், வண்டிகளை விரட்டிய அதே குரலில் மீன்தொட்டியின் ஃபில்டரைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்வார், பஞ்சு அழுக்கப் பிடிக்கும், இந்தப் பீங்கான் வளையத்துல நல்ல கிருமி குடியிருக்கும், கரி இருக்கே, அது நாத்தம் நிறம் எல்லாத்தையும் இழுத்துக்கும், கேக்கறியா, கேக்கறேன் கேக்கறேன் என்று நான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன், கேட்டதே இல்லை.

தொட்டியில் ஆஸ்கார் மீன் ஒன்றுதான், உள்ளங்கை அகலம், இவர் முகம் தெரிந்தால் கண்ணாடிக்கு வந்து நிற்கும், மருத்துவமனையிலிருந்து வந்த நாள் முதல் அதன் முன்னால் உட்கார வைத்தால்தான் இவர் வாய் திறக்கிறார், வேறு எங்கே வைத்து ஊட்டினாலும் கஞ்சி கடைவாயில் வழிந்துவிடும், அதனால் அதன் துடுப்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்த அன்று எனக்குத் தோன்றியது ஒன்றுதான், இது போனால் இவரும் போய்விடுவார், வேறு எப்படி நினைப்பது, நீல மருந்து வாங்கிவந்து ஊற்றினேன், தொட்டி முழுக்க நீலம், மறுநாள் காலையில் தண்ணீர் பளிச்சென்று தெளிந்திருந்தது, மருந்தையெல்லாம் மீன் உள்ளே இழுத்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன், அட முட்டாளே, அன்றைக்குத்தான் இவர் இடக்கையைத் தூக்கி ஃபில்டரைக் காட்டிக் கத்தத் தொடங்கினார், கழுவச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன், கழுவினேன், பழைய கரியைக் கொட்டிவிட்டு வலைப்பையில் புதுக் கரி போட்டேன், இன்னும் கத்தினார், மறுபடி மருந்து, மறுபடி நீலம், மறுபடி தெளிவு, புள்ளிகள் முதுகுக்கு ஏறின, இவர் கிண்ணத்தைத் தட்டிவிட்டார், தரையெல்லாம் கஞ்சி, உங்களுக்கு மூளையும் போயிடுச்சா என்று கேட்டேன், இந்த வாயால்தான் கேட்டேன். அவருக்கு எல்லாம் புரியும்மா, வார்த்தைதான் வரல என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டியவள்தான் நானும். மத்தியானம் கண்ணயர்ந்தால் இவர் பழையபடி பேசுகிறார், மூச்சு விடாமல், நான் சரி சரி என்கிறேன், விழித்தால் ஒரு சொல்கூட நினைவில்லை, அந்தக் கை மட்டும் ஃபில்டரை நோக்கி நீண்டிருக்கிறது, கனவிலா கூடத்திலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இன்று ஆறாம் நாள், அலசிய கரிப்பையோடு கூடத்துக்கு வந்தால் மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து அடியில் கிடக்கிறது, ஈர விரலாலேயே இவர் வாடிக்கையாகப் போன கொளத்தூர் வளர்ப்புமீன் கடை ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, வேற மருந்து ஏதாவது குடும்மா, இது கேக்கல என்று கெஞ்சுகிறேன், அக்கா, மருந்து ஊத்தறப்போ ஃபில்டர்ல இருந்து கரிய எடுத்துட்டீங்கல்ல என்கிறாள், அத எதுக்கு எடுக்கணும் என்கிறேன், ஐயோ அக்கா, கரி இருந்தா மருந்து மொத்தத்தையும் அது குடிச்சிடும், மீனுக்கு எங்க சேரும், அண்ணனுக்குத் தெரியுமே, அவர் சொல்லலையா.

சொன்னார், ஆறு நாளாகச் சொன்னார், தொண்டை கிழியச் சொன்னார், நான் ஒவ்வொரு தடவையும் கரியை மாற்றி மாற்றிப் போட்டேன். பையைக் குப்பையில் எறிந்துவிட்டு மருந்தை ஊற்றுகிறேன், நீலம் பரவுகிறது, அதற்குள்ளே செவுள் ஒருமுறை அசைகிறது, வெகுநேரம் கழித்து இன்னொரு முறை, பிழைக்குமா தெரியவில்லை, ஜெசிந்தாவும் பார்க்கலாம் என்றுதான் சொன்னாள். இவர் கத்தவில்லை, கை மடியில் இறங்கிவிட்டது, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியடியில் உட்கார்ந்துவிட்டேன், என் விரல் கறுப்பெல்லாம் அதில் ஒட்டுகிறது, என்னங்க, இந்த நாலு மாசத்துல இன்னும் என்னெல்லாம் சொன்னீங்க என்று கேட்கிறேன், இவர் என்னையே பார்க்கிறார், கையை உருவி மெல்லத் தூக்கி எதையோ காட்டுகிறார், ஜன்னலா, அலமாரியா, நானா, நான் எழுந்திருக்கவில்லை, புரியலங்க, இன்னொரு தரம் காட்டுங்க என்கிறேன்.